வளைத்த பின் வெட்டவும்

மார்ச் 4, செவ்வாய்

வட்டக் கூடத்தின் கூரை என் தலையில் விழுந்துவிட்டது. எட்டு வளைந்த இரும்பு பீம்கள். ஒவ்வொன்றிலும் ஆறு ஓட்டைகள், தண்ணீர்க் குழாயும் காற்றுக் குழாயும் நுழைந்து போவதற்கு. படிப்பகமாம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய வட்டம். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கட்டடத்தைக் கற்பனை செய்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதைக் கணினிக்குள் இரும்பாக நிற்க வைப்பதும், பட்டறைக்குப் படம் அனுப்புவதும் என் வேலை.

நேரான பீமில் ஓட்டை போடுவது ஒரு விஷயமே இல்லை. பீமைத் தொட்டு 'வெட்டு' என்பதை அழுத்தினால் முடிந்தது. வளைந்த பீமைத் தொட்டு அதையே அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. "இந்தப் பொருளில் இந்தச் செயல் இயலாது." கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்லக்கூட இடம் தரவில்லை. மதியத்துக்குள் இருபது தடவையாவது சரி சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். மகள் ஃபிரிட்ஜைக் கைகாட்டினாள். மென்று விழுங்கிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. "வீட்டில் வேலைப் பேச்சு கிடையாது. பேசினவர் அன்று முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும்." மகளின் கையெழுத்து. எழுதியபோது அவளுக்கு ஒன்பது வயது, இப்போது பதினொன்று.

நான் கம்பெனியின் டிராயிங் ஆபீசில். அவர் ஊரின் மறுகோடியில் அதே கம்பெனியின் பட்டறையில், பீமை வளைக்கும் ரோலர் மெஷினில் பதினாறு வருஷம். டிராயிங் ஆபீசுக்கும் பட்டறைக்கும் எல்லா ஊரிலும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவுதான். எங்கள் வீட்டில் கீரியும் பாம்பும் ஒரே மேஜையில் சாப்பிடுகின்றன. "உங்க ஆபீஸ்காரங்களுக்கு இரும்புன்னா ரப்பர்னு நினைப்பு" என்று அவர் ஒருநாள் ஆரம்பித்தார். நான் பதில் சொன்னேன். அது மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் காலையில் இந்தத் தாள் ஒட்டியிருந்தது. இரண்டு பேருமே நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டோம்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை இல்லை என்பது உண்மை. பாத்திரத்துக்கு அவ்வளவு பயம்.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் குழுத் தலைவனுக்கு ஷார்ட்கட் என்று பெயர் வைத்திருக்கிறோம். மௌஸைத் தொடவே மாட்டான், எல்லாவற்றுக்கும் கீபோர்டில் ஒரு குறுக்குவழி வைத்திருப்பான். என்னைவிட எட்டு வயது சின்னவன். இன்று அவனிடம் போய் நின்றேன்.

"வளைஞ்ச பீமா? அது வெட்டாதுக்கா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றான்.

"அப்போ எல்லாரும் என்ன பண்றாங்க?"

"ஏதாவது பண்ணுவாங்க."

ஏதாவது. நல்ல ஆலோசனை. சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் எழுதிப் போட்டேன். உடனே பதில் வந்தது: "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது." கிணற்றில் கல் விழுந்த சத்தமாவது கேட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வழி ஒன்று: வளைந்த பீமை இருபத்து நான்கு குட்டி நேர்த்துண்டுகளாகப் போட்டேன். தூரத்தில் இருந்து பார்த்தால் வளைவுதான். நேர்த்துண்டு என்பதால் ஓட்டை விழுந்தது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம். வந்து பார்த்தால் இரும்புப் பட்டியலில் எட்டு பீமுக்குப் பதில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பீம். ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர் போன் செய்து, "மேடம், கூரையா போடறீங்க, வேலியா?" என்று கேட்டார். அழித்தேன்.

வழி இரண்டு: வெறும் காற்றால் ஆன ஒரு பெட்டியைச் செய்து பீமுக்குள் செருகினேன். பெட்டி இருக்கும் இடத்தில் பீம் காணாமல் போகும், பார்க்க ஓட்டை மாதிரியே இருக்கும். இதற்குள் கட்டடத்தை வரைந்தவர் கூரையை முப்பது மில்லிமீட்டர் தள்ளிவிட்டார். பீம் தள்ளிப் போனது. ஓட்டைகள் போகவில்லை. நாற்பத்தெட்டு ஓட்டைகளும் பழைய இடத்திலேயே அந்தரத்தில் நின்றன.

மார்ச் 14, வெள்ளி

வழி மூன்று: பீமே இல்லை, அது ஒரு உருவம் என்று சாஃப்ட்வேரை ஏமாற்றினேன். வட்டமாக ஒரு பாதை போட்டு, பீமின் குறுக்குவெட்டை அதன்மேல் இழுத்துக்கொண்டே போனால் அச்சு அசல் வளைந்த பீம். அது வெட்டுப்பட்டது, தள்ளினால் ஓட்டையும் கூடவே வந்தது. ஆனால் அது பீம் என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாதே. எடைக் கணக்கிலும் இல்லை, பட்டியலிலும் இல்லை. என் கூரை காகிதத்தில் எட்டு பீம் குறைவாக நிற்கிறது.

மேனேஜர் வந்து தோள்மேல் எட்டிப் பார்த்தார். "இன்னும் இதுதானா மேடம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வருஷம் உங்க பேர்ல ரெண்டு தாள் இருக்கு. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார்.

தாள் என்றால் சந்தேகத் தாள். எங்கள் படத்தில் ஏதாவது இடித்தால் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு, சிவப்புக் கோடு போட்ட ஒரு தாளில் கேள்வி எழுதி அனுப்புவார்கள். படம் செய்தவர் பெயருக்கு எதிரே அது பதிவாகும். ஒரு வருஷத்தில் மூன்று வந்தால் கணினியில் மாடல் செய்யும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு விசாரிப்பார்கள். எனக்கு ஜனவரியில் ஒன்று, ஒரு தகட்டை இடம் வலம் மாற்றிப் போட்டதற்கு. பிப்ரவரியில் ஒன்று, போல்ட் அளவு. இரண்டும் என் தப்புதான். வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. விதி இருக்கிறதே.

மார்ச் 19, புதன்

இன்றும் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தேழு தடவை சரி.

மார்ச் 25, செவ்வாய்

வழி நான்கு. பிடித்துவிட்டேன்.

மாடலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது ஓட்டையில்லாத வளைந்த பீம். பட்டியல், எடை எல்லாம் அதற்குத்தான். மாடலின் ஒரு மூலையில், கட்டடத்துக்கு வெகுதூரம் தள்ளி, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு பீமுக்கும் அதை நிமிர்த்திப் போட்ட நீளத்துக்கு ஒரு நேரான பீம். ஓட்டைகளை அதில் போட்டேன். எந்த ஓட்டை எவ்வளவு தூரத்தில் என்று பட்டறைக்குப் போகும் படத்தை அந்த நேர் பீமிலிருந்து எடுத்தேன். படத்தின் கீழே பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு: "தயவுசெய்து வளைத்த பின் வெட்டவும்."

குறிப்பு ரொம்ப முக்கியம். ஓட்டை போட்ட பீமை வளைத்தால் அது வளையாது, ஓட்டை இருக்கும் இடத்தில் மடியும். பதினாறு வருஷம் ஒரு வளைப்புக்காரரோடு குடும்பம் நடத்துபவளுக்கு இதுகூடவா தெரியாது.

ஷார்ட்கட் பார்த்துவிட்டு, "அக்கா, பின்னிட்டீங்க" என்றான். பத்து நாளில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

எட்டு படங்களும் போய்விட்டன. ஷார்ட்கட் சரிபார்த்தான், மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பட்டறையின் வெட்டு மெஷினுக்கான ஃபைல்களும் மாடலில் இருந்து தானாகப் போய்விட்டன. இனி அது பட்டறையின் பாடு.

மகளுக்குப் புது ஷூ வாங்கினோம். கடையில் அவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன, இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்க?" என்றார். "பாத்திரம் கழுவணும், சொன்னா" என்றேன். சிரித்தார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவர் சாப்பிடவில்லை. தலைவலி என்றார். தலைவலிக்கு யாரும் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கேட்டேன். "ஒண்ணுமில்ல, வேலை" என்றார். மகள் தாளைக் காட்டவில்லை. அவளுக்கும் ஏதோ புரிந்திருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

பீம் மடிந்துவிட்டது.

ஆபீஸில் காலையில் இதுதான் பேச்சு. வட்டக் கூடத்து பீம். மூன்று நன்றாக வளைந்ததாம், அடுத்த இரண்டும் ஓட்டையிலேயே முழங்கை மாதிரி மடிந்ததாம். அதற்குள் ஃபோர்மேன் நிறுத்திவிட்டார்.

ஓட்டையிலேயே என்றால் என்ன அர்த்தம்? வளைக்கிறபோது ஓட்டை எப்படி இருக்கும்? வளைத்த பின்தானே — தயவுசெய்து என்று எழுதியிருந்தேனே — படத்தை எடுத்து நாலு தடவை படித்தேன். குறிப்பு இருக்கிறது. எழுத்துப் பிழைகூட இல்லை.

அப்புறம் மெஷின் ஃபைலைத் திறந்தேன்.

கடவுளே. ஃபைல் மாடலிலிருந்து போகிறது. ஃபைலுக்குப் படத்தின் குறிப்பு தெரியாது. மூலையில் ஒளித்து வைத்த நேர் பீமும் அதற்கு ஒரு பீம்தான். ஓட்டையோடு இருக்கிறது, ஆகவே ஓட்டை போடு. பட்டறை வாசலில் நிற்கும் வெட்டு மெஷின் ஃபைலைப் படித்தது, நாற்பத்தெட்டு ஓட்டையையும் போட்டுவிட்டு நேரான பீம்களை ரோலருக்குத் தள்ளிவிட்டது. ஒரு மனுஷன்கூட முடிவு எடுக்கவில்லை. அந்த மூலை பீம் ஃபைலில் போகாதபடி ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்திருந்தால் போதும். ஒரு டிக். எனக்குத் தோன்றவே இல்லை.

ரோலர் மெஷினில் யார் நின்றார் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு ரோலர்தான் இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

விசாரணை வைக்கிறார்களாம். "படத்துல தெளிவா போட்டிருக்கு, வளைச்ச பின் வெட்டணும்னு. ஓட்டையோட வந்த பீமை அந்தாள் எப்படி மெஷின்ல ஏத்தினார்?" என்று மேனேஜர் யாரிடமோ போனில் பேசினார். அந்தாள்.

அவரைக் காப்பாற்ற நான் எழுதிய குறிப்பு இப்போது அவருக்கு எதிராக மேஜையில் கிடக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, மூலை பீமில் தொடங்கி அந்த டிக் வரை, விடாமல் சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் முழுக்கப் பழகிக்கொண்டு போனதெல்லாம் வீண்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரோலர்ல நின்னது உங்க வீட்டுக்காரர்தானே மேடம்?" என்றார்.

"ஆமா சார்."

"அதான் பாருங்க. நீங்க என்ன சொன்னாலும், புருஷனைக் காப்பாத்த பொண்டாட்டி பழியை ஏத்துக்கறாங்கன்னுதான் எடுத்துப்பாங்க. எனக்கே அப்படித்தான் தோணுது."

"ஃபைலைத் திறந்து பாருங்க சார். அதுல ஓட்டை இருக்கு."

"இருக்கட்டும். ஃபைலும் படமும் ஒத்துவரலன்னா படத்தைத்தான் எடுத்துக்கணும், அது கம்பெனி விதி. படம் சரியா இருக்கு. ஓட்டையோட பீம் வந்தா நிறுத்தித் தாள் எழுதியிருக்கணும். எழுதல. அவ்வளவுதான்." பிறகு கொஞ்சம் இளகி, "நல்ல மனசு உங்களுக்கு. போய் வேலையைப் பாருங்க" என்றார்.

நல்ல மனசாம். என் தப்பை நானே சொன்னால்கூட என்னுடையது என்று நம்ப ஆள் இல்லை. பொய் சொல்லியிருந்தால் இதைவிடச் சுலபமாக நம்பியிருப்பார்களோ என்னவோ.

ஏப்ரல் 24, வியாழன்

எல்லாவற்றையும் எழுதி விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். "பெற்றுக்கொண்டோம்" என்று பதில். இந்தப் பதில்களை எல்லாம் ஒரே ஆள்தான் எழுதுகிறாரா?

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று அவரிடம் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து மகளின் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஏங்க, அந்த வட்டக் கூடத்து பீம் படம் நான் போட்டது" என்றேன்.

சங்கிலியைச் சுற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தயவுசெய்துன்னு எழுதியிருந்துச்சே. எந்த ஆபீஸ்காரன் பட்டறைக்குத் தயவுசெய்துன்னு எழுதுவான்?"

படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்போ படத்தைப் படிச்சீங்க. பீம் ஓட்டையோட வந்ததையும் பாத்தீங்க. மடியும்னும் தெரியும். ஒரு தாள் எழுதியிருந்தா அப்பவே நின்னிருக்குமே. ஏன் எழுதல?"

"எழுதியிருந்தா உனக்கு மூணாவது."

நான் இரண்டைப் பற்றியே வீட்டில் மூச்சு விடவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தாள் எங்க ஷெட்லதானே எழுதறாங்க. ரெண்டாவதை ஃபோர்மேன் எழுதினப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். 'போல்ட் அளவுகூடத் தெரியாத ஆளு'ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவராகவே சொன்னார். வெட்டு மெஷின் தள்ளிவிட்ட துண்டுகளை இரும்புக் குப்பையிலிருந்து பொறுக்கியிருக்கிறார். நாற்பத்தெட்டையும். எந்தத் துண்டு எந்த ஓட்டைக்கு என்று சாக்பீஸில் எண் போட்டு, திரும்ப அடைத்து, பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்திருக்கிறார். ஓட்டை இல்லாத பீம் மாதிரி அதை ஏமாற்றி வளைத்துவிட்டு, பின்னால் துண்டுகளைத் தட்டி எடுத்துவிடலாம் என்று கணக்கு. மூன்று பீமுக்கு ஏமாந்தது. நான்காவது ஏமாறவில்லை. "அப்பவே நிறுத்தியிருக்கணும். இன்னும் மெதுவா விட்டா வந்துடும்னு நினைச்சேன்" என்றார்.

நான் அங்கே சாஃப்ட்வேரை ஏமாற்றினேன். அவர் இங்கே இரும்பை ஏமாற்றியிருக்கிறார். ரெண்டு பேரும் ஒரே பீமுக்கு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம.

"ஒரு வார்த்தை வீட்ல கேட்டிருக்கலாம்ல?" என்று கத்திவிட்டேன்.

"நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றார், கத்தாமல்.

இப்போதாவது அந்தத் தாளை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். ஓட்டையோடு வந்தது என்று பட்டறையிலிருந்து எழுத்தில் வந்தால், எண் போட்டுப் பதிவாகும். அதை யாரும் பெண்டாட்டி பேச்சு என்று தள்ள முடியாது. நான் எழுத முடியாது, தாள் பட்டறையிலிருந்துதான் வர வேண்டும். அவர் தலையசைத்து மறுத்தார். "ஒருத்தர் பேர் கெட்டாச்சு. ரெண்டு பேர் பேரும் கெடணுமா? விடு."

அவ்வளவுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் ஓடியது.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் ஃபிரிட்ஜில் தாளைக் காணோம். ஒட்டிய பசைத் தடம் மட்டும் நாலு மூலையிலும் இருக்கிறது. மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டாள்: "அப்பாவுக்குப் பிரச்சனை ஆனது நான் ஒட்டின பேப்பராலயாம்மா?"

நேற்று எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. இல்லைடி என்றேன். கட்டிப் பிடித்துக்கொண்டேன். நம்பினாளா என்று தெரியாது. அவளுக்கு இருக்கும் கண்ணுக்கு, நம்பியிருக்க மாட்டாள்.

மே 5, திங்கள்

முடிவு வந்துவிட்டது. "படத்தில் தெளிவான குறிப்பு இருந்தும் கவனக்குறைவாகச் செயல்பட்டதால்" அவரை ரோலரிலிருந்து எடுத்துப் பெயிண்ட் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். என் கடிதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

கவனக்குறைவு. சாக்பீஸில் நாற்பத்தெட்டு எண் போட்ட மனுஷன்.

ஜூன் 12, வியாழன்

அவர் சட்டையில் இப்போது சாம்பல் நிறப் பெயிண்ட். துவைத்தால் போவதில்லை. மடிந்த பீம்கள் இரண்டும் பெயிண்ட் யார்டு ஓரத்தில்தான் கிடக்கின்றனவாம். உட்கார வசதியாக இருக்கிறதாம், மதியம் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். என்னையும் சிரிக்க வைக்கத்தான் சொன்னார் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை.

விதி போய்விட்டது. ஆனால் பேசவும் எங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

ஷார்ட்கட் எல்லோருக்கும் ஒரு வழிகாட்டிக் குறிப்பு அனுப்பியிருக்கிறான். வளைந்த பீமில் ஓட்டை போடுவது எப்படி. பார்க்கும் பீம் ஒன்று, மூலையில் நேர் பீம் ஒன்று. தலைப்பு "அக்கா முறை." நன்றி சொல்லி ஒரு பூ வேறு போட்டிருக்கிறான்.

ஓடிப்போய், ஃபைலில் மூலை பீம் போகக் கூடாது, அந்த டிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். "அதை எடுத்தா படத்துல அளவும் வராதுக்கா, ரெண்டும் ஒரே டிக். பாத்துட்டேன்" என்றான். அதாவது அன்று எனக்கு அது தோன்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. "குறிப்புதான் இருக்கே. படம் சரியா இருந்தா நம்ம பக்கம் சேஃப்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. எனக்கு நல்லது செய்ததாகவே நினைக்கிறான்.

மேனேஜரிடம் போனேன். "மறுபடியுமா மேடம்?" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாப்பிட உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "இன்னிக்கு ஒன்பது பீம் வந்திருக்கு. வளைக்கறதுக்கு. ஓட்டையோட."

நான் போட்ட படம் இல்லை. பக்கத்து மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண், வழிகாட்டியைப் பார்த்துச் செய்தது.

ரோலரில் இப்போது நிற்பவர் வேறு ஊரிலிருந்து வந்தவர், சேர்ந்து மூன்று மாதம்தான். மதியம் படத்தை எடுத்துக்கொண்டு பெயிண்ட் யார்டுக்கு வந்து, அந்த மடிந்த பீம்மேல் உட்கார்ந்து, "அண்ணே, இதை என்ன பண்ண?" என்று கேட்டாராம். தாள் எழுதுங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். வந்த புதிதிலேயே ஆபீசோடு வம்பு எதற்கு என்று அவர் தயங்கியிருக்கிறார். வியாழக்கிழமை மெஷினில் ஏற்ற வேண்டுமாம்.

"அவரே எழுதினாலும் இந்தப் படம் மட்டும்தான் நிக்கும்" என்றார் இவர். "முதல் படத்துக்கு எழுதினா, அதே முறையில செஞ்சது எல்லாமே பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். அதான் விதி. ஃபோர்மேனைக் கேட்டுட்டேன்."

முதல் படம் என்னுடையது.

மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எழுதட்டுமா?" என்றார். ஏப்ரலில் நான் கெஞ்சியபோது மறுத்தவர், இப்போது என்னிடம் கேட்கிறார். வேண்டாம் என்று நான் சொன்னால் எழுத மாட்டார், அதுவும் தெரியும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. விசாரணை, மாடல் வேலை போவது, அந்தப் புதுப் பெண்ணே என் நாற்காலியில் உட்காருவது எல்லாம் கண்முன் வந்தது.

"எழுதுங்க" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கோடு போட்ட தாளை எடுத்தார். நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. எத்தனை நாளாக வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

தாளைக் கொடுத்துவிட்டாராம். ஃபோர்மேன் இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் வீட்டுக்காரம்மா படமா இது?" என்று கேட்டாராம். இவர் ஆமா என்றாராம்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் ஷார்ட்கட் வந்து என் மேஜையில் ஒரு தாளைக் குப்புற வைத்துவிட்டுப் போனான்.

திருப்பினேன். எண் போட்டிருந்தது. மாடல் செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். இந்த வருஷத்தில் மூன்றாவது. கீழே அவர் கையெழுத்து. மளிகைச் சீட்டிலும் மகளின் ரேங்க் அட்டையிலும் நான் பார்த்துப் பழகிய அதே சாய்ந்த எழுத்து.

கேள்வி: "படத்தில் வளைத்த பின் வெட்டவும் என்று உள்ளது. பீம் வெட்டப்பட்டே வந்துள்ளது. வளைக்கலாமா? தயவுசெய்து பதில் தரவும்."

ஏப்ரலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பக்கத்து மேஜைப் பெண், "என்னாச்சுக்கா?" என்றாள். கண்ணில் தூசி என்றேன்.

பதிலுக்கு ஒரு சின்னக் கட்டம்தான் விட்டிருக்கிறார்கள். "வளைக்க வேண்டாம். தவறு மாடலில். மூலை பீம் ஃபைலில் போகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியம் மேனேஜர் கூப்பிட்டு, திங்கட்கிழமை விசாரணை என்றார். அதுவரை மாடலைத் தொட வேண்டாம் என்றார். அவர் இந்தத் தடவை நல்ல மனசு என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு ரோலர் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். அது தனி விஷயம் என்றார்.

சாயங்காலம் அவர் வந்து, பெயிண்ட் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜைக்கு வந்தார். மகள் பரிமாறினாள்.

"பதில் வந்துடுச்சு" என்றார்.

"என்ன எழுதியிருந்தாங்க?" என்றேன்.

"வளைக்க வேண்டாமாம். ஒன்பது பீமையும் இறக்கி வெச்சாச்சு."

"அந்தப் புதுசா வந்தவர் என்ன சொன்னார்?"

"டீ வாங்கிக் கொடுத்தார்."

பிறகு அவர் அந்த ஒன்பது பீமைப் பற்றிச் சொன்னார், நான் அந்த டிக்கைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளில் மூலை பீமை வரைந்து காட்டினேன். துண்டுகளை எப்படி அடைத்தார் என்று அவர் அதன் மேலேயே வரைந்தார். சாதம் ஆறிப்போனது. மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள், எங்கள் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தாள்.